உப்போடைத் தெருவின் ஏழாவது நாற்காலி

உப்போடைத் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு எண் உண்டு. நகராட்சி ஆட்கள் ஒரு நாள் பெயின்ட் டப்பாவோடு வந்து பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதிய எண்ணை எழுதிவிட்டுப் போனார்கள், போனவர்கள் பழையதை அழிக்க மறந்தார்கள், அல்லது அழிப்பது வேறு பிரிவின் வேலை என்று விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து கரண்ட் பில் ஒரு எண்ணுக்கும், காஸ் சிலிண்டர் இன்னொரு எண்ணுக்கும், கல்யாணப் பத்திரிகை இரண்டுக்கும் பொதுவாகவும் வந்துகொண்டிருக்கின்றன. செல்லக்கனியின் வீடு பழைய பதினெட்டு, புதிய முப்பத்தொன்று. அவளுடைய தம்பி கண்டக்டர் தவசிமுத்துவின் வீடு பழைய ஐந்து, புதிய பதினெட்டு. இரண்டுக்கும் நடுவில் எட்டு வைத்து நடந்தால் அறுபது எட்டு தூரம் இருக்கும், அந்த அறுபது எட்டை அக்காவும் தம்பியும் பதினோரு வருஷமாக நடக்கவில்லை.

பேச்சு நின்றது ஒரு பந்தியில். அவர்களுடைய அம்மாவின் பதினாறாம் நாள் சாப்பாட்டுக்குச் செல்லக்கனிதான் பரிமாறினாள், பரிமாறச் சொல்லி அவளை யாரும் கேட்கவில்லை, வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை, சத்துணவுக்கூடத்தில் சமைத்துப் பிள்ளைகளுக்கு ஊற்றி ஊற்றிப் பழகிய கை, கரண்டி தானாக வந்து அந்தக் கையில் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது பந்தியில் தவசிமுத்து தன் மச்சினன்மாரோடு உட்கார்ந்திருந்தான். பாயச வாளி வரிசையாக வந்தது, வந்தது அவன் இலையைத் தாண்டிப் போனது. நம்ம வீட்டு ஆள்தானே, பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று வீட்டு ஆட்களைத் தாண்டிப் போவது பரிமாறுகிறவர்களின் வழக்கம். மாமனார் வீட்டுக்காரர்கள் பார்த்திருக்கத் தன் இலை தாண்டப்படுவதைப் பொறுத்துக்கொள்வது ஆம்பிளைகளின் வழக்கம் இல்லை. தவசிமுத்து பாதிச் சாப்பாட்டில் எழுந்தான், "இனி இவ கையால சோறு வாங்கி நான் கை நனைச்சா என்னை ஏன்னு கேளுங்க" என்று சபையில் சொன்னான், சொல்லிவிட்டுப் போய்க் கையைக் கழுவினான். எங்கள் பக்கத்தில் கை நனைப்பது சின்ன விஷயம் இல்லை. பெண் பார்க்க வருகிறவர்கள்கூடப் பேச்சு முடிவாகும்வரை அந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிட மாட்டார்கள், கை நனைத்துவிட்டால் உறவு என்று அர்த்தம்.

இப்படி இருக்கையில் செல்லக்கனிக்கு வேலையிலிருந்து ஓய்வு வந்தது. இருபத்தொன்பது வருஷம் அடுப்பு முன்னாலும் பிள்ளைகளின் தட்டு முன்னாலும் நின்றதில் இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயிருந்தன, தரையில் உட்காரவும் கூடாது, ரொம்ப நேரம் நிற்கவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் உட்காருவதற்கு என்ன இருந்தது என்றால் ஒன்றும் இல்லை. ஒரு இரும்புக் கட்டில், அதில் உட்கார்ந்தால் ஜன்னல் கம்பியைப் பிடிக்காமல் எழ முடியாது. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அதில் தண்ணீர்க் குடம் உட்கார்ந்திருந்தது. நாலு மாசம் தனக்குத்தானே வாதாடி, எனக்கெதுக்கு என்று நாற்பது தடவையும் எனக்கு ஏன் கூடாது என்று நாற்பத்தோரு தடவையும் சொல்லிப் பார்த்து, கடைசியில் ஆடித் தள்ளுபடியில் செவ்வந்தி பர்னிச்சர் மாளிகைக்குப் போய், கை வைத்த, பிரம்பு பின்னிய ஒற்றை நாற்காலி ஒன்றுக்குச் சொல்லிவிட்டு வந்தாள். தனக்கென்று அவள் வாங்கிய முதல் சாமான் அதுதான், அந்த வாரம் முழுக்க அவளுக்கு அதே நினைப்பாக இருந்தது.

அதே வாரம் அதே கடையில் தவசிமுத்து ஆறு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசைக்குச் சொல்லியிருந்தான். அவன் மகள் வினோதாவுக்குச் சம்பந்தம் கூடி வந்திருந்தது, ஆவணி பத்தாம் தேதி மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்க வருவதாகப் பேச்சு, மாப்பிள்ளையின் அப்பாவுக்குத் தரையில் உட்கார முடியாது. விலாசம் கேட்டபோது செல்லக்கனி வாய்ப் பழக்கத்தில் பழைய எண்ணைச் சொன்னாள், தவசிமுத்து அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறவன் ஆனபடியால் புதிய எண்ணைச் சொன்னான். கடை மேனேஜர் கோமதிநாயகம் பார்த்தார்: ஒரே தெரு, ஒரே பதினெட்டு, இரண்டு பில். ஒரு வீட்டுக்கு ஆறு நாற்காலி போகும்போது தனியாக ஏழாவது எதற்கு, யாரோ தெரியாமல் இரண்டு தடவை எழுதியிருக்கிறார்கள் என்று ஒற்றை நாற்காலியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். உதவி செய்கிறேன் என்று கிளம்புகிற ஆட்களால்தான் உலகத்தில் பாதி உபத்திரவம்.

வேன் வந்தது. டிரைவர் இருதயராஜ் பெரிதாகப் பதினெட்டு என்று எழுதியிருந்த கேட்டைப் பார்த்து நிறுத்தினான். பழைய எண் பெரிதாகவும் புதிய எண் சின்னதாகவும் எழுதப்பட்ட கேட் அது.

"நான் கேட்டது ஒத்த நாற்காலில்லா" என்றாள் செல்லக்கனி.

"பதினெட்டுதானம்மா?"

"பதினெட்டுதான்."

"உப்போடைத் தெருதான?"

"ஆமா."

"பிறகென்ன" என்று அவன் ஆட்களுக்குக் கை காட்டினான்.

பத்துக்குப் பன்னிரண்டு முன்னறையில் மேசையும் ஆறு நாற்காலியும் வந்து உட்கார்ந்தன. பில்லில் தம்பியின் பெயரைப் பார்த்ததும்தான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். அறுபது எட்டுக்கு அந்தப் பக்கம் தவசிமுத்து பனியனோடு நின்று, தன் மேசை அக்கா வீட்டுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும், இரண்டு பேரும் உள்ளே போய்க் கடைக்குப் போன் போட்டார்கள்.

"அண்ணாச்சி, ஒத்த நாற்காலி கேட்டேன், வரல. வேற ஆள் சாமான் வந்து கெடக்கு."

"உங்க நாற்காலி அதுலயே சேந்து வந்திருச்சேம்மா" என்றார் கோமதிநாயகம்.

"அது என் தம்பி நாற்காலி."

"தம்பிதானம்மா. ஒண்ண இழுத்துப் போட்டு உட்காருங்க."

"அடுத்தவன் பொருள்ல நான் உட்கார மாட்டேன்."

"தம்பிங்கிறீங்க, அடுத்தவன்கிறீங்க. எதை எழுதிக்கிட?"

அவள் போனை வைத்துவிட்டாள். அடுத்த போன் தவசிமுத்துவுடையது. "டிக்கெட் கிழிச்சாச்சு, வண்டிதான் வரல" என்று அவன் ஆரம்பித்தான். ரெண்டு எட்டு நடந்து போய் எடுத்துக்கொள்ளலாமே என்று கோமதிநாயகம் சொன்னதற்கு, "அந்த வாசப்படி நான் ஏற மாட்டேன். நீங்களே எடுத்துட்டு வாங்க. மேசை ஒண்ணு, நாற்காலி ஆறு. ஒண்ணு குறைஞ்சாலும் வேண்டாம், அவ வீட்டுலேருந்து ஒண்ணு கூடுதலா வந்தாலும் வேண்டாம்" என்றான்.

கூடுதலாக வரும் என்று அவனுக்கு அப்போது தெரியாது, யாருக்கும் தெரியாது. மூன்றாம் நாள்தான் தெரிந்தது. புதுச் சாமான் வந்த வீட்டை எட்டிப் பார்க்காமல் இருந்தால் அது தெருவா, ஆறு பொம்பளைகள் வந்து மேசையைத் தடவிப் பார்த்து, தட்டிப் பார்த்து, தேக்கா இல்லையா என்று தர்க்கம் பண்ணி, ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். இடியாப்பம் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு திரும்பிய சகர்பானு கடைசியாக வந்தாள், காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலையை எடுத்தாள். அவள் உட்கார்ந்தது ஏழாவது நாற்காலி. அவளுக்குப் பக்கத்தில் எட்டாவது ஒன்று காலியாக நின்றது. எல்லோரும் எண்ணினார்கள், இன்னொரு தடவை எண்ணினார்கள்.

"கடைக்காரன் தாராளமாத்தான் அனுப்பியிருக்கான்" என்றாள் சகர்பானு.

அதன் பிறகு வழக்கம் இதுதான். எத்தனை பேர் உட்கார்ந்தாலும் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. எட்டுப் பேர் வந்தால் ஒன்பது, பன்னிரண்டு பேர் வந்தால் பதின்மூன்று, மேசையும் அதற்குத் தக்கபடி ஒதுங்கி நீண்டு இடம் கொடுத்தது, அறை பத்துக்குப் பன்னிரண்டாகவே இருந்தது, ஒருத்தர் முழங்கை ஒருத்தர் மேல் இடிக்கவில்லை, சுவரில் இருந்த காலண்டர்கூட ஆடவில்லை. எழுந்து போனதும் பார்த்தால் ஆறுதான். கிழக்குக் கோடியில் இருக்கிற டிராயிங் மாஸ்டர் டேப் கொண்டு வந்து, ஆள் இல்லாதபோது ஒரு தடவையும் பத்தொன்பது பேர் உட்கார்ந்திருந்தபோது ஒரு தடவையும் மேசையை அளந்தார், இரண்டு தடவையும் ஆறடி என்று வந்தது, டேப்பை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு இருபதாவது ஆளாக உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்தவர்களுக்கு எதையாவது கொடுக்க வேண்டுமே. சாப்பாட்டு மேசையில் ஒருத்தரை வெறும் வாயோடு உட்கார வைத்து அனுப்பினால் அந்த வீடு விளங்குமா. முதல் நாள் செல்லக்கனி கருப்பட்டிக் காப்பி போட்டாள், இரண்டாம் நாள் அவல் நனைத்தாள், மூன்றாம் நாள் சகர்பானு கூடை இடியாப்பத்தை அங்கேயே கொட்டினாள், பிறகு ஒருத்தர் அரிசி கொண்டு வந்தார், ஒருத்தர் தோட்டத்துக் கத்தரிக்காய், கறிவேப்பிலைகூட இல்லாத வீட்டுக்காரர்கள் விறகைக் கொண்டு வந்தார்கள், இரண்டு வாரத்தில் தெருவில் பாதிப் பேருக்கு மத்தியானச் சாப்பாடு அந்த வீட்டில் என்றாகிப்போனது. வாரத்துக்கு ஒரு தடவை வேனோடு வரும் இருதயராஜும் அவனுடைய இரண்டு ஆட்களும் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தார்கள், சாப்பிட்ட பிறகுதான் தகராறைப் பேசினார்கள். நிற்க வேண்டிய அவசியம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. செல்லக்கனி மட்டும் ஒரு கையில் கரண்டியும் ஒரு கை சுவரிலுமாக, யாருக்கு என்ன வேண்டும் என்று பார்த்துக்கொண்டே நடந்தாள். வந்தவர்கள் சாப்பிடுவதைப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எல்லோரும் போனபின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கட்டிலில் சரிந்து, முழங்காலுக்குத் தைலம் தேய்க்கும்போது, அந்தப் பிரம்பு நாற்காலி இப்போது எந்தக் கிடங்கில் எந்த மூலையில் கிடக்கிறதோ என்று நினைத்துக்கொள்வாள்.

தகராறு என்னவென்றால் ஏற்ற முடியவில்லை. முதல் வாரமே இருதயராஜ் ஆறு நாற்காலியையும் வேனில் ஏற்றிவிட்டு மேசைக்காக உள்ளே வந்தான், மேசை ஓரத்தில் ஒன்று நின்றது. தப்பாக எண்ணிவிட்டோம் போல என்று அதையும் ஏற்றினான். திரும்பி வந்தால் இன்னொன்று. ஒன்பதாவதில் வேன் நிறைந்துவிட்டது, உள்ளே பத்தாவது நின்றது. எல்லாவற்றையும் இறக்கி வைத்தால் ஆறு. இறக்கினால் ஆறு, ஏற்றினால் ஒன்று மிச்சம். அவன் வேன் படியில் உட்கார்ந்து மேனேஜருக்குப் போன் போட்டான்.

"ஆறை ஏத்திட்டு வாரும், மிச்சத்த விட்ரும்" என்றார் கோமதிநாயகம் முதலில். பிறகு, "விடாதீரும், அது நம்ம சரக்கு, பில் போடாத சரக்கு வெளிய நிக்கக்கூடாது" என்றார். பிறகு, "ஏத்தவும் செய்யாதீரும், ரிஜிஸ்தர்ல குறைஞ்சா எழுதுறதுக்குக் கட்டம் இருக்கு, கூடினா எழுதக் கட்டம் இல்ல" என்றார். செல்லக்கனியும் போனை வாங்கி, பில் இல்லாத நாற்காலியைத் தன் வீட்டில் விட்டுவிட்டுப் போனால் அதைத் தெருவில் தூக்கி வைத்துவிடுவேன் என்றாள். தவசிமுத்து ஏற்கெனவே சொன்னதையே சொன்னான், ஆறு என்றால் ஆறு.

"அப்ப என் நாற்காலியையாவது அனுப்புங்க அண்ணாச்சி. முழங்கால் கேக்கமாட்டேங்கு."

"முதல்ல தப்பா வந்தது முழுசா எங்களுக்குத் திரும்பணும்மா. அது முடிஞ்சாத்தான் உங்க ஆர்டர் கிளம்பும். நான் மனசு வச்சாலும் சிஸ்டம் விடாது."

சிஸ்டம் என்கிற ஆளை அவளுக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் அவருக்கும் ஒரு தட்டு போட்டிருப்பாள்.

தெரு இதற்குள் அந்த நாற்காலிக்குப் பழகிவிட்டது. கோயில் பூசாரி உட்கார்ந்து பார்த்துவிட்டு, காலி இடத்தில் குலதெய்வம் இருக்கலாம், எதற்கும் ஒரு இலை போட்டு வையுங்கள் என்றார். இலை போட்டார்கள், இலை காய்ந்தது, எடுத்துவிட்டார்கள். ட்யூஷன் பிள்ளைகள் இதை வைத்து ஒரு கணக்கு போட்டன, விடை தெரிந்த டீச்சர் யாரும் கிடைக்கவில்லை. லைன்மேன் ஒருத்தன் வேண்டுமென்றே இரண்டு நாற்காலியில் ஒரே நேரத்தில் உட்கார்ந்து பார்த்தான், அப்போதும் ஒன்று காலியாக இருந்தது, அவன் இரண்டுக்கும் நடுவில் கீழே விழுந்ததுதான் மிச்சம். இது எப்படி வருகிறது என்று கேட்டவர்கள் முதல் வாரத்தோடு ஓய்ந்துபோனார்கள். யாருக்காக வருகிறது என்பதுதான் பிறகு பேச்சாக இருந்தது.

"இதுல என்ன யோசனை" என்றாள் சகர்பானு ஒரு நாள், பாத்திரம் கழுவிக்கொண்டே. "நாற்காலி யாரு பேர்ல வந்துச்சோ அந்த ஆளுக்குத்தான் இடம் போட்டு வச்சிருக்கு. உன் தம்பி வந்து உட்கார்ந்தா நின்னுரும் பாருக்கா."

மறுநாளிலிருந்து செல்லக்கனி குழம்பில் புளியைக் கொஞ்சம் குறைத்தாள், தவசிமுத்துவுக்குப் புளிப்பு ஆகாது.

இந்தப் பேச்சு அறுபது எட்டு நடந்து அவன் காதுக்கும் போனது. தெருக்குழாயில், டீக்கடையில், பஸ்ஸில் சில்லறை கொடுக்கும்போதுகூட, "உமக்குத்தான் இடம் போட்டு வச்சிருக்காம்வே" என்று சொன்னார்கள். அவன் விசிலை ஊதிவிட்டு நகர்ந்துகொண்டான். ஆனால் ஆவணி பிறந்துவிட்டது, பத்தாம் தேதிக்கு எட்டு நாள்தான் இருந்தது, மேசை இல்லாத வீட்டில் சம்பந்தியை எங்கே உட்கார வைப்பது. கோமதிநாயகமும் களைத்துப்போய் ஒரு வழி சொன்னார்: இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நேரில் நின்று எண்ணி, எத்தனை வந்தது எத்தனை இருக்கிறது என்று ஒரே தாளில் கையெழுத்துப் போட்டால், அதை வைத்துச் சிஸ்டத்தைச் சரிக்கட்டிவிடுகிறேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டூட்டி மாறி வந்த தவசிமுத்து வீட்டுக்குக்கூடப் போகாமல், காக்கிச் சட்டையோடும் கக்கத்தில் தோல் பையோடும் நேரே அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே பதின்மூன்று பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இருதயராஜும் ஆட்களும் அதில் உண்டு. தவசிமுத்துவின் மகள் வினோதாவும் இருந்தாள், இரண்டாவது தடவை சோறு வாங்கிக்கொண்டிருந்தாள், அன்றைக்குத்தான் முதல் தடவை வந்தவள் மாதிரி அவள் உட்கார்ந்திருக்கவில்லை. எல்லோரும் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

"நான் சாப்பிட வரல" என்றான் தவசிமுத்து. "எண்ண வந்தேன்."

"வாங்க சார், உட்காருங்க" என்றான் இருதயராஜ், சோற்றுக் கையை மடக்கிக்கொண்டு. "ஆள் அசைஞ்சா இங்க எண்ணிக்கை மாறிப்போகும். எல்லாரும் உட்கார்ந்தாத்தான் எண்ண முடியும்."

காலியாக இருந்தது பதினான்காவது நாற்காலி. தவசிமுத்து வாசப்படியைப் பார்த்தான், மகளைப் பார்த்தான், அக்கா இருந்த பக்கம் மட்டும் பார்க்கவில்லை. பிறகு படியேறி வந்து உட்கார்ந்தான். யாரும் அவனைப் பார்க்கவில்லை, அவன் பக்கத்து இடத்தைப் பார்த்தார்கள். அங்கே பதினைந்தாவது நாற்காலி இருந்தது.

"போச்சு" என்றாள் சகர்பானு.

இத்தனை நாள் செல்லக்கனியும் அதைத்தான் நம்பியிருந்தாள், புளி குறைத்ததெல்லாம் வீணாகப் போனதே என்று இருந்தது. தவசிமுத்துவுக்கும் முகம் சுண்டியது.

"எனக்குன்னு சொன்னாவளே" என்றான் மெதுவாக. "இதுவும் எனக்கில்லையா."

இருதயராஜ் தாளை எடுத்தான். விரலை நீட்டி ஒரு சுற்று எண்ணினான். "ஆள் பதினாலு, நாற்காலி பதினஞ்சு. பாத்துக்கோங்க சார், இதான் பிரச்சினை. இதத்தான் மேனேஜர் எழுத மாட்டேங்காரு."

தவசிமுத்து சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தான். உட்கார்ந்த இடத்திலிருந்தே, பஸ்ஸில் முன்படியிலிருந்து பின்படிவரை எண்ணுகிற மாதிரி, உதடு அசையப் பேனாவை நீட்டி எண்ணினான்.

"பதினஞ்சு" என்றான்.

"பதினாலு சார்."

"பதினஞ்சுய்யா. இருபத்தாறு வருஷமா ஆள் எண்ணுதேன், எனக்குச் சொல்லித் தாரீரா. செக்கர் வண்டியில ஏறினா உட்கார்ந்த ஆளை மட்டுமா எண்ணுவான். நிக்கிற ஆளையும் சேத்து எண்ணுனாத்தான் கணக்கு வரும்."

சொல்லிவிட்டு, தன் பேனா எங்கே போய் நிற்கிறது என்று அவனே பார்த்தான். வரிசையின் கடைசியில், இடுப்பில் ரசப் பாத்திரமும் ஒரு கை சுவரிலுமாக அவன் அக்கா நின்றிருந்தாள். ஒரு காலை மடக்கி ஒரு காலில் பாரத்தைப் போட்டு நின்றாள். கணுக்கால் வீங்கியிருந்தது. எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள், ஒரு மாசமாக அவள் கையால் சாப்பிட்டவர்கள் அன்றைக்குத்தான் அவள் நிற்பதைப் பார்த்தார்கள். சகர்பானு தலையைக் குனிந்துகொண்டாள்.

"யக்கா" என்றான் தவசிமுத்து. பதினோரு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சொல் அவன் வாயில் கொஞ்சம் தட்டுத் தடுமாறித்தான் வந்தது. "அம்மா பதினாறுல, நீ எந்தப் பந்தியில உட்கார்ந்த?"

அவள் யோசிக்க வேண்டியிருந்தது. இதை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

"எந்தப் பந்தியிலயும் இல்லப்பா. கடைசிப் பந்தி முடியவும் சோறு கெடந்துச்சு, தொட்டுக்கிட ஒண்ணும் இல்ல. அப்படியே விட்டுட்டேன்." பாத்திரத்தை இன்னொரு இடுப்புக்கு மாற்றினாள். "உனக்குப் பாயசம் வைக்காம விட்டது மறந்து இல்ல. நெய்யும் முந்திரியுமா அடிப்பாயசம் உனக்குன்னு ஒரு தூக்குவாளியில எடுத்து வச்சிருந்தேன். பந்தி எந்திரிச்சதும் கையில குடுக்கலாம்னு. நீ அதுக்குள்ள எந்திரிச்சிட்ட."

"சொல்லியிருக்கலாம்லா."

"நீ நின்னியா, சொல்ல?"

அவன் நிற்கவில்லைதான். பேனாவை மூடிப் பையில் போட்டான். "அந்தத் தூக்கு என்ன ஆச்சு?"

"ரெண்டு நாள் வச்சிருந்தேன், நீ வருவன்னு. புளிச்சுப்போச்சு."

தவசிமுத்து எழுந்தான். தோல் பையைக் கழற்றி மேசையில் வைத்தான். "உட்காரு" என்றான், பதினைந்தாவது நாற்காலியைக் காட்டி.

"அடுத்தவன் பொருள்ல நான்..."

"பில் என் பேர்ல. மேசை என்னுது, நாற்காலி என்னுது. நான் சொல்லுதேன், நீ உட்காரு."

"பரிமாற யாரு இருக்கா?"

அவன் அவள் இடுப்பிலிருந்து ரசப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டான். வினோதா எழுந்து ஒரு தட்டைக் கழுவி எடுத்து வந்து அத்தை முன்னால் வைத்தாள், வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

செல்லக்கனி உட்கார்ந்தாள். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன, பிறகு சும்மா இருந்தன. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, மேசை மேல் வைத்தாள், மடியில் வைத்தாள், மறுபடி மேசை மேல் வைத்தாள். உட்கார்ந்தபின் அந்த மேசை எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று தெரிந்தது, எதிரே இருக்கிறவர்கள் முகம் எல்லாம் தன் முகத்துக்கு நேராக இருப்பது தெரிந்தது. அழுகை வந்தது, வந்ததை அவள் மறைக்கவில்லை. தம்பி அவள் தட்டில் பாதியும் மேசையில் பாதியுமாக ரசத்தை ஊற்றினான், சோறு போட மறந்து ரசத்தை முதலில் ஊற்றியிருந்தான்.

"சோத்தப் போட்டுட்டு ஊத்தணும்ல" என்றாள்.

"வாரேன், வாரேன், அவசரப்படுத்தாத" என்றான்.

இருதயராஜ் சத்தமில்லாமல் எழுந்து நின்று எண்ணினான், அவன் எழுந்த நாற்காலியையும் கண்டக்டர் எழுந்த நாற்காலியையும் அவரவர் கணக்கில் வைத்து எண்ணினான். ஆள் பதினைந்து, நாற்காலி பதினைந்து. செல்லக்கனிக்கு அந்தப் பக்கம் சுவர்தான் இருந்தது, காலண்டர்தான் இருந்தது. அவன் தாளில் எழுதிவிட்டுத் திரும்ப உட்கார்ந்து மோர் கேட்டான். அக்கா சாப்பிட்டு முடிக்கிறவரை நின்று பரிமாறிவிட்டு, தவசிமுத்து தன் இடத்தில் உட்கார்ந்து, தட்டை இழுத்து, கையை நனைத்தான். குழம்பில் புளி குறைவாக இருக்கிறதே என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் வேன் வந்தது. ஆறு நாற்காலியை ஏற்றினார்கள், உள்ளே வந்து பார்த்தார்கள், மேசையைச் சுற்றி ஒன்றும் இல்லை. அறுபது எட்டு தள்ளிக் கொண்டுபோய் இறக்கினார்கள். ஆவணி பத்தாம் தேதி மாப்பிள்ளை வீட்டார் அந்த மேசையில்தான் கை நனைத்தார்கள், பெண்ணின் அத்தை மாப்பிள்ளையின் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள், இரண்டு பேரும் முழங்கால் வலியைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள். தெருவில் சில பேருக்கு மத்தியானம் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நாள் திண்டாட்டமாக இருந்தது, பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் முறை வைத்து ஒவ்வொரு வீடாகச் சாப்பிடப் போனார்கள். அங்கெல்லாம் நாற்காலி தானாக வருவதில்லை, பாய்தான். ஆனால் பரிமாறுகிறவர்களைப் பார்த்து நீ உட்கார்ந்தியா என்று கேட்கிற பழக்கம் உப்போடைத் தெருவில் அப்போது வந்ததுதான், இன்னும் இருக்கிறது.

பத்து நாள் கழித்துச் சிஸ்டம் மனம் இரங்கியது, செல்லக்கனியின் பிரம்பு நாற்காலி கிளம்பியது. கோமதிநாயகம் இந்தத் தடவை மிகவும் ஜாக்கிரதையாக இருந்தார். பழைய எண்ணால்தானே இவ்வளவு வினையும் வந்தது, இனிமேல் புதிய எண்ணைப் பார்த்துத்தான் இறக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். பில்லில் பதினெட்டு என்று இருந்தது. புதிய பதினெட்டில் இறக்கிவிட்டுப் போனார்கள். தவசிமுத்துவின் பெண்டாட்டி அதைத் துடைத்து, ஃபேனுக்குக் கீழே, வாசலைப் பார்த்துப் போட்டாள். தவசிமுத்து அறுபது எட்டு நடந்து போனான்.

"உன் நாற்காலி வந்திருக்கு."

"எங்க?"

"எங்க வீட்ல."

"மறுபடியும் தப்பாக் கொண்டாந்துட்டானா. கடைக்குப் போனப் போட்டுச் சொல்லு."

"சொல்லலாம்" என்றான் தவசிமுத்து.

இரண்டு வீட்டிலிருந்தும் யாரும் போன் போடவில்லை. சாயங்காலம் நாலு மணி ஆனால் செல்லக்கனி கதவைச் சாத்திவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து அறுபது எட்டும் நடந்து போய், தன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வருகிறாள்.